அடிபடும் பிள்ளையும் நம் பிள்ளை, அடிக்கும் பிள்ளையும் நம் பிள்ளை

திங்கட்கிழமை காலை. பள்ளிக்கூட வேன் தெருமுனையில் வந்து நிற்கிறது. பிள்ளையோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருக்கிறான். "நேற்று முழுவதும் குதியாட்டம் போட்டாயே, இப்போது என்ன திடீர் வயிற்று வலி?" என்று தாய் அதட்டுகிறார். கடை திறக்கும் அவசரத்தில் இருக்கும் தந்தை, "படிக்கக் கள்ளம்" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். பிள்ளை அழுதுகொண்டே வேனில் ஏறுகிறான்.

சகோதரர்களே! நம் வீடுகளில் நடக்காத காட்சியா இது? அந்த வயிற்று வலிக்கு எந்த மருந்துக் கடையிலும் மருந்து கிடைக்காது. வகுப்பறையின் கடைசி பெஞ்சிலோ, பள்ளிக்கூடக் கழிப்பறை வாசலிலோ, வேனின் பின் இருக்கையிலோ ஒருவன் அந்தப் பிள்ளைக்காகக் காத்திருக்கிறான். அதை வீட்டில் சொல்லப் பிள்ளைக்கு வாய் வரவில்லை. கேட்க நமக்கு நேரமில்லை.

சிறு பிள்ளைகளுக்குள் கேலி இருக்கத்தான் செய்யும், அதைப் பெரிதுபடுத்தலாமா என்று சிலர் கேட்கலாம். இரண்டு நண்பர்கள் மாறி மாறிக் கேலி செய்து, இருவரும் சிரித்து, மாலையில் தோளில் கைபோட்டுக்கொண்டு வீடு திரும்பினால் அது விளையாட்டு. ஒரே பிள்ளையை நாள்தோறும் குறிவைத்து, பலசாலி ஒருவனோ ஒரு கும்பலோ சீண்டி, ஒரு பக்கம் மட்டும் சிரிக்க, மறுபக்கம் திருப்பிச் சொல்லவும் வழியின்றிக் கூனிக் குறுகினால் அது கொடுமை. ஆங்கிலத்தில் 'புல்லியிங்' என்று சொல்லப்படுவது இதைத்தான். அடி உதை மட்டுமல்ல; பட்டப்பெயர் வைப்பது, டிபன் பாக்ஸைப் பறிப்பது, யாரும் அவனோடு பேசக் கூடாது என்று ஒதுக்கி வைப்பது ஆகிய அனைத்தும் இதில் அடங்கும்.

இரண்டு சம்பவங்கள்

2023 ஆகஸ்ட் மாதம் உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகர் மாவட்டத்தில் நடந்ததை இச்சமுதாயம் மறந்திருக்க முடியாது. வாய்ப்பாடு சொல்லத் தெரியவில்லை என்று 7 வயது முஸ்லிம் சிறுவனை வகுப்பின் நடுவே நிறுத்தி, சக மாணவர்களை ஒவ்வொருவராக எழுந்து வந்து அறையச் சொன்னார் ஓர் ஆசிரியை. அந்தக் காட்சி செல்போன் வழியாக நாடெங்கும் பரவியது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. குழந்தைகளை உடலாலும் மனதாலும் துன்புறுத்துவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தடை செய்திருப்பதை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

அந்த வழக்கில் நம்மில் பலர் கவனிக்காத ஒரு செய்தியும் உண்டு. அடி வாங்கிய சிறுவனுக்கு மட்டுமல்லாமல், அவனை அடிக்க வைக்கப்பட்ட மற்றக் குழந்தைகளுக்கும் மனநல ஆலோசனை அளிக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அடித்த பிஞ்சுக் கைகளும் காயப்பட்டவைதான் என்பதை நீதிபதிகள் உணர்ந்திருந்தனர்.

இரண்டாவது சம்பவம் நம் மாநிலத்தில் நடந்தது. அதே 2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு, நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் பிளஸ் 2 படித்துவந்த ஒரு தலித் மாணவனை உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அந்த மாணவன் சில நாட்களாகப் பள்ளிக்குப் போகாமல் இருந்தான். காரணம் கேட்ட பிறகுதான், உடன் படித்தவர்கள் தன்னைத் துன்புறுத்துவதைச் சொன்னான். விஷயம் பள்ளி நிர்வாகத்திற்குப் போயிற்று. அதன் பிறகே அரிவாள் வீட்டு வாசலுக்கு வந்தது. வெட்டியவர்களும் சிறுவர்கள்தாம்; கூர்நோக்கு இல்லத்திற்கு அனுப்பப்பட்டார்கள். வெட்டுப்பட்ட மாணவனோ பிளஸ் 2 தேர்வை எழுதி, 2024 மே மாதம் வந்த முடிவில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றான்.

இச்சம்பவத்தை அடுத்துத் தமிழக அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் ஒரு நபர் குழு, 2024 ஜூன் மாதம் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றை அறுத்துவிடலாம். மனதில் கட்டியிருக்கும் கயிற்றை யார் அறுப்பது? அது வீட்டில் கட்டப்படுகிறது. வீட்டில்தான் அறுக்க வேண்டும்.

நம் கை சுத்தமா?

முசாஃபர்நகர் சிறுவனுக்காக நாம் கொதித்தோம். கொதித்ததில் தவறில்லை. நம் பிள்ளைகளைத் 'தீவிரவாதி' என்றும் 'பாகிஸ்தான்' என்றும் வகுப்பறையில் கூப்பிடுவதை எந்த நிலையிலும் பொறுத்துக்கொள்ள முடியாது. ஆனால் நம் தெருவில் நடப்பதையும் கொஞ்சம் பார்ப்போமா? திக்கிப் பேசும் பிள்ளைக்கு நம் மதரஸாவில் என்ன பெயர்? கறுத்த பிள்ளைக்கு, குண்டான பிள்ளைக்கு என்ன பெயர்? புதிதாக இஸ்லாத்திற்கு வந்த குடும்பத்துப் பிள்ளையை அதைச் சொல்லியே குத்திக்காட்டுகிறவர்கள் நம்மில் இல்லையா?

பிறரைப் பரிகசிப்பதையும் பட்டப்பெயரால் அழைப்பதையும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆவது வசனம் தெளிவாகத் தடுக்கிறது. மேடைதோறும் இதைப் பேசுகிறோம். வீட்டுக்கு வந்ததும் மகனையே பட்டப்பெயர் சொல்லித்தான் அழைக்கிறோம்!

"சும்மா விளையாட்டுக்குத்தான் செய்தோம்" என்பது அடிக்கும் பிள்ளைகள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். ஒரு பயணத்தில் தூங்கிக்கொண்டிருந்த தோழரின் கயிற்றைச் சிலர் விளையாட்டாக எடுக்க, அவர் திடுக்கிட்டு விழித்தார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிட வைப்பது இன்னொரு முஸ்லிமுக்கு ஆகுமானதல்ல என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அபூதாவூதில் பதிவாகியுள்ள செய்தி இது. ஒரு கயிற்றுக்கே இந்தக் கண்டிப்பு என்றால், ஒரு பிள்ளையின் மானத்தோடு விளையாடுவதற்கு என்ன சொல்வது?

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. கடையில் வேலை பார்க்கும் பையனை வாடிக்கையாளர் முன்னால் நீங்கள் எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்பதை, விடுமுறை நாளில் கல்லாப்பெட்டி அருகே உட்கார்ந்திருக்கும் உங்கள் மகன் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறான். எளியவனிடம் எப்படி நடக்கலாம் என்ற பாடம் அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது.

அறிகுறிகள்

கல்லாவில் 100 ரூபாய் குறைந்தால் இரவோடு இரவாகக் கணக்குப் புரட்டுகிறோம். மகனின் முகத்தில் சிரிப்பு குறைந்து மாதக்கணக்கானாலும் கண்டுகொள்வதில்லை. துன்புறும் பிள்ளை வாயால் சொல்லாவிட்டாலும் வேறு வழிகளில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பள்ளி நாட்களில் மட்டும் வரும் வயிற்று வலி, தலைவலி. அடிக்கடி காணாமல் போகும் பேனா, கிழிந்து வரும் நோட்டு. பள்ளியில் கழிப்பறைக்குப் போகப் பயந்து அடக்கிவைத்து, வீட்டுக்கு வந்ததும் ஓடுவது. வழக்கமான பாதையை விட்டுச் சுற்றி வருவது. காரணம் சொல்லாமல் பணம் கேட்பது. செல்போனில் மணி அடித்தாலே முகம் வெளிறுவது. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் வேறு காரணமாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும்.

அடிக்கும் பிள்ளைக்கும் அறிகுறிகள் உண்டு. நீங்கள் வாங்கித் தராத பொருள் பையில் இருப்பது, தம்பி தங்கையிடம் கொடூரமாக நடப்பது, மற்றவன் அழுததைச் சொல்லிச் சிரிப்பது, உங்களுக்குத் தெரியாமல் இரண்டாவது இன்ஸ்டாகிராம் கணக்கு வைத்திருப்பது.

விசாரிப்பதிலும் முறை இருக்கிறது. "ஸ்கூல் எப்படி?" என்று கேட்டால் "நல்லாருக்கு" என்ற ஒரு சொல்தான் பதிலாக வரும். "இன்று யாரோடு சாப்பிட்டாய்? உன் வகுப்பில் எல்லோரும் யாரைக் கேலி செய்கிறார்கள்? அப்போது நீ என்ன செய்வாய்?" என்று கேட்டுப் பாருங்கள். கதை தானாக வரும். அரபு நாட்டிலிருந்து வீடியோ காலில் பேசும் தந்தையர், மார்க்கைக் கேட்கும் முன் இதைக் கேட்கட்டும்.

கைக்குள் புகுந்த கொடுமை

முன்பெல்லாம் பள்ளி மணி அடித்தால் கொடுமையும் அன்றைக்கு முடிந்துவிடும். இன்று அது செல்போனுக்குள் புகுந்து தலையணை வரை வருகிறது. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பிள்ளையின் படத்தை ஸ்டிக்கராக்கிச் சிரிப்பது, அவனை மட்டும் நீக்கிவிட்டு வேறு குரூப் தொடங்குவது, பெயர் தெரியாத கணக்கிலிருந்து அசிங்கமாக எழுதுவது, பெண் பிள்ளையின் முகத்தை வேறொரு படத்தில் பொருத்திப் பரப்புவது என்று இது நீள்கிறது. இதன் முடிவு எங்கே போகும் என்பதை 2022 ஜனவரியில் பார்த்தோம். முஸ்லிம் பெண்களின் படங்களைப் போட்டு 'ஏலம்' விட்ட 'புல்லி பாய்' வழக்கில் கைதானவர்களில் 18 வயதுப் பெண்ணும் 21 வயது மாணவனும் இருந்தார்கள்.

இப்படி நேர்ந்தால் பெற்றோர் செய்யும் முதல் தவறு போனைப் பிடுங்குவது. சொன்னதற்குத் தண்டனை தனக்குத்தான் என்று புரிந்துகொண்ட பிள்ளை மறுமுறை வாய் திறக்காது. முதலில், "நீ சொன்னது நல்லது, தவறு உன்னுடையதல்ல" என்று சொல்லுங்கள். பதிலுக்குத் திட்ட விடாதீர்கள். அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வையுங்கள். பிறகு அந்தக் கணக்கை ரிப்போர்ட் செய்து பிளாக் செய்யுங்கள். கண்டவர்களும் குரூப்பில் சேர்க்க முடியாதபடி வாட்ஸ்அப்பின் பிரைவசி பகுதியில் மாற்றி வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை! பிள்ளையின் ஆபாசப் படம் பரவினால், "பாருங்கள் இந்த அநியாயத்தை" என்று ஜமாஅத் குரூப்பிலோ உறவினருக்கோ அதை அனுப்பிவிடாதீர்கள். நல்லெண்ணத்தில் அனுப்பினாலும் அந்தப் பிள்ளையின் மானம் இன்னொரு முறை பறிபோகிறது. சட்டப்படியும் அது குற்றம். அந்தப் படத்தை நீங்கள் பரப்பாமல் உடனே போலீசுக்குத் தெரிவியுங்கள். பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்தி வீட்டில் உட்கார வைப்பதும் தீர்வாகாது. குற்றவாளிக்குக் கிடைக்க வேண்டிய தண்டனையைப் பிள்ளைக்குக் கொடுப்பதாகத்தான் அது முடியும்.

செய்ய வேண்டியது

பள்ளியில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். என்ன நடந்தது, எந்தத் தேதி, யார் பார்த்தார்கள் என்று எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். மதத்தைச் சொல்லி இழிவுபடுத்தியிருந்தால் அந்த வார்த்தையை அப்படியே எழுதுங்கள். பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு அந்தப் பையனின் வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள். அது பிள்ளைகள் விவகாரத்தை ஊர்க் கலவரமாக்கிவிடும். புகார் கொடுத்த பிறகுதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு அதிகம் தேவை என்பது நாங்குநேரி சொல்லும் பாடம். அந்த நாட்களில் தனியே அனுப்பாதீர்கள். பள்ளி கைவிரித்தால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது. மிரட்டலும் தாக்குதலும் இருந்தால் காவல் நிலையம் இருக்கிறது.

உங்கள் பிள்ளைதான் அடித்தான் என்று ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினால்? நமக்கு உண்மையான சோதனை இதுதான். "என் மகன் அப்படிச் செய்ய மாட்டான்" என்று சண்டைக்குப் போகாதீர்கள். பெல்ட்டைக் கழற்றி விளாசவும் செய்யாதீர்கள். பலமுள்ளவன் அடிக்கலாம் என்ற பாடத்தை அவனுக்கு மறுபடியும் நடத்தியதாகிவிடும். முழு விவரத்தையும் கேளுங்கள். பறித்ததைத் திருப்பிக் கொடுக்கச் செய்யுங்கள். அவனை அழைத்துக்கொண்டு நீங்களே அந்த வீட்டுக்குப் போய், முதலில் நீங்கள் மன்னிப்புக் கேளுங்கள். வாப்பா தலை குனிவதைப் பார்க்கும் பிள்ளை அதை ஆயுளுக்கும் மறக்காது.

ஜமாஅத்துகளுக்கும் கடமை உண்டு. மாதத்தில் ஒரு ஜும்ஆ உரையாவது இதற்கு ஒதுக்கப்பட வேண்டும். மதரஸாவில் எந்தப் பிள்ளையையும் பட்டப்பெயரால் அழைக்கக் கூடாது என்ற விதி உஸ்தாதுகளிடமிருந்தே தொடங்க வேண்டும். இளைஞர்களே, தெருவில் ஒரு சிறுவனைச் சூழ்ந்து நாலு பேர் சிரிப்பதைப் பார்த்தால் கடந்து போகாதீர்கள். பக்கத்தில் போய் நின்று அவனை வீட்டுக்குக் கூட்டிவாருங்கள். பார்த்துக்கொண்டு நிற்பவர்களின் மௌனம்தான் அடிப்பவனுக்கு ஊக்கம் தருகிறது.

அநீதி இழைக்கப்பட்டவனுக்கும் அநீதி இழைப்பவனுக்கும் உதவுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, அநீதி இழைப்பவனுக்கு எப்படி உதவுவது என்று தோழர்கள் கேட்டார்கள். அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கம் வந்தது. முதல் பாதியை நாம் ஊர்வலங்களில் முழங்கியிருக்கிறோம். இரண்டாவது பாதியை நம் வீட்டு முற்றத்தில் செய்து காட்ட வேண்டிய நேரம் இது.

இன்று இரவு கடையை அரை மணி நேரம் முன்னதாக மூடுங்கள். பிள்ளை தூங்குமுன் வீட்டுக்குப் போய் அதன் பக்கத்தில் உட்காருங்கள். செல்போனை வெளியே வைத்துவிட்டு, அது சொல்வதைக் கடைசி வரை குறுக்கிடாமல் கேளுங்கள்.