தொலைக்காட்சிக்காக எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது: பெயின்ட்பால் குறித்து எங்கள் நிலைப்பாடு

சாய உருண்டைகளைச் சுட்டு எதிரணியினரை வெளியேற்றும் பெயின்ட்பாலைத் தொலைக்காட்சிக்கு ஏற்றதாக்கும் பேச்சு எழும்போதெல்லாம் சில யோசனைகள் தவறாமல் வந்துவிடுகின்றன: சுடும் வேகத்தைக் கூட்டலாம், அடிபட்டவருக்கு இன்னொரு உயிர் கொடுக்கலாம், போர்க்கள வேஷம் போடலாம். ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், நடுவர்கள் சேர்ந்த எங்கள் சங்கம் இவற்றை ஏற்கவில்லை. பார்வையாளருக்கு ஆட்டம் விளங்கவில்லை என்பதே உண்மையான குறை. அதைத் தீர்க்க வேண்டிய இடம் கேமராவும் திரையும்தான். ஆட்டத்தின் அடிப்படை விதிகள் அல்ல.

மாற்றத்துக்கு நாங்கள் எதிரிகள் அல்ல

1981 ஜூன் மாதம் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள ஹெனிக்கர் காட்டில் 12 பேர் ஆடிய முதல் பெயின்ட்பால் ஆட்டத்தைப் பார்க்கக் கூட்டம் ஏதுமில்லை. மரங்களுக்குள் இருந்தவர்களைப் பார்த்திருக்கவும் முடியாது. 1990-களின் நடுவில் பிரான்சிலிருந்து ஆட்டக்காரர்கள் மறைந்துகொள்ளும் காற்றடைத்த பங்கர்கள் வந்தன. அதன்பிறகு போட்டிகள் திறந்த புல்வெளிக்கு நகர்ந்தன. காட்டு நிற உடை போய் வண்ண ஜெர்சி நிலைத்தது. 2000-களின் தொடக்கத்தில் வந்த எக்ஸ்பால் என்ற போட்டி வடிவம், ஐந்துக்கு ஐந்து பேர், புள்ளிக் கணக்கு, தண்டனைப் பெட்டி என்று ஐஸ் ஹாக்கியின் பாணியில், பார்வையாளரை மனத்தில் வைத்தே உருவானது. இவை அனைத்தும் ஆட்டத்துக்கு நன்மையே செய்தன. டென்னிஸ் பந்து மஞ்சளானதும், டேபிள் டென்னிஸ் பந்து 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனதும் இதே வகைதான்: கண்ணுக்குத் தெரியாததைத் தெரிய வைத்தார்கள்.

சிக்கல் எங்கே இருக்கிறது

பெயின்ட் உருண்டையின் விட்டம் சுமார் 17 மில்லிமீட்டர். பாதுகாப்பு வரம்பான நொடிக்கு 90 மீட்டர் வேகத்தில் அது பறக்கும்போது, நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும் கேமராவில் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் நடுவே 3 மீட்டர் தாண்டிவிடுகிறது. கிரிக்கெட்டில் எல்லோர் கண்ணும் ஒரே பந்தின் பின்னால் போகும். இங்கே பத்துப் பேர் ஒரே நேரத்தில் ஓடுகிறார்கள், சறுக்குகிறார்கள், சுடுகிறார்கள். முதல் சில நொடிகளிலேயே மூவர் வெளியேறிவிடக்கூடும். யார் யாரை அடித்தார்கள் என்று வர்ணனையாளரே திணறுவார். போதாக்குறைக்கு, முகமூடிக்குள் இருப்பவர் யாரென்றும் தெரியாது.

இந்த நிலையில் சுடும் வேகத்தைக் கூட்டினால் குழப்பம்தான் கூடும். ஹெனிக்கர் ஆட்டத்தில் வென்ற ரிச்சி ஒயிட் ஒரு குண்டுகூடச் சுடவில்லை; கண்ணில் படாமல் நகர்ந்து கொடிகளைச் சேகரித்தே ஜெயித்தார். இடம் பிடிப்பதும், கோணம் மாற்றுவதும், எதிரியைத் தலை தூக்கவிடாமல் வைத்திருப்பதும்தான் இன்றும் ஆட்டத்தை முடிவுசெய்கின்றன. திரையில் காட்ட வேண்டியவை அவையே.

நாங்கள் வரவேற்பவை

• ஆட்டக்காரர் எந்தப் பங்கரில் இருக்கிறார், யார் வெளியேறினார் என்று காட்டும் களவரைபடம் திரையில் எப்போதும் இருக்கட்டும்.

• களத்துக்கு மேலிருந்து ஒரு கேமரா, பங்கர்களுக்குப் பின்னால் ஆளில்லாத சிறு கேமராக்கள். களத்தைச் சுற்றிய பாதுகாப்பு வலைக்கு வெளியிலிருந்து எடுக்கும் படத்தில் வலைதான் முன்னால் நிற்கிறது.

• இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில், திருப்புமுனையான நகர்வை மெதுவாக ஓட்டிக் காட்டுவது.

• தூரத்திலிருந்தே படிக்கத்தக்க பெயரும் எண்ணும், நடுவருக்கு மைக். தண்டனை ஏன் என்பதைப் பார்வையாளர் அவர் வாயாலேயே கேட்கட்டும்.

• ஜெர்சியிலும் புல்லிலும் பளிச்சென்று தெரியும் சாய நிறம். இரத்தத்தை நினைவூட்டும் சிவப்பு வேண்டாம்.

விட்டுக்கொடுக்க முடியாதவை

அடிபட்டால் வெளியே: பங்கரை விட்டு எழும் ஒவ்வொருவரும் எடுக்கும் துணிச்சலுக்கு மதிப்புத் தருவது இந்த விதிதான். இரண்டாவது உயிர் கொடுத்தால் அந்தத் துணிச்சலுக்கு விலையில்லை.

களத்துக்குள் முகமூடி கழற்றப்படாது. ஒளிப்பதிவாளருக்கும் இது பொருந்தும். முகம் காட்ட விரும்பினால், பேட்டி வலைக்கு வெளியே, மார்க்கர் எனப்படும் பெயின்ட்பால் துப்பாக்கியின் குழலுக்கு உறை மாட்டிய பிறகு நடக்கலாம். வேக வரம்பை மீறிய எந்தச் சிறப்புச் சுற்றுக்கும் அனுமதியில்லை.

அடிபட்ட கறையைத் துடைத்துவிட்டு ஆடுவதுதான் இந்த விளையாட்டின் மிகப் பெரிய ஏமாற்று. கேமரா வந்தபின் அதைப் பார்வையாளர் கண்டுகொள்வார். நடுவர் மட்டும் அதைக் காணாமலிருக்கக் கூடாது. எனவே ஒளிபரப்புப் பதிவை நடுவர்கள் உடனுக்குடன் பார்க்கும் வசதி ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். ஆனால் விறுவிறுப்புக்காக முடிவைத் தாமதப்படுத்தச் சொல்லும் உரிமை தயாரிப்பாளருக்குக் கிடையாது.

ராணுவ உடை, போர் வர்ணனை, ‘கொன்றார்’ என்ற பேச்சு ஆகியவற்றையும் தவிர்க்கக் கோருகிறோம். பிள்ளைகளை விளையாட அனுப்புவதா என்று யோசிக்கும் பெற்றோரும் இதே திரையைத்தான் பார்க்கிறார்கள்.

இவற்றை ஏற்கும் ஒளிபரப்பு நிறுவனங்களுக்குக் களவரைபடங்களை முன்கூட்டியே தருவோம், வர்ணனையாளர்களுக்குப் பயிற்சியளிப்போம், கேமரா ஒத்திகைக்குப் பயிற்சி ஆட்டங்களைத் திறந்துவிடுவோம். அடிப்படை விதிகளை மாற்றி நடத்தப்படும் தொடர்களுக்கு எங்கள் நடுவர்களை அனுப்பமாட்டோம்.