அவதாரம் வேண்டாம், அதிகாரம் வேண்டும்!

"டில்லியிலே நல்லதொரு தலைவர் வாய்த்துவிட்டால் போதும், நாடு திருந்திவிடும்!" எடப்பாடித் தறிக்கொட்டகை வாசல்களிலே, தேநீர்க் கடைகளிலே, படித்த இளைஞர் கூடுமிடங்களிலே இந்தப் பேச்சு ஓயாமல் கேட்கிறது. பேசுவோர் தீயவரல்லர், நொந்துபோனவர்கள். நூல் விலை ஏறுகிறது, நெய்கூலி ஏறவில்லை. வாங்கிய முன்பணம் அடைபடவில்லை. பக்கத்துப் பள்ளிபாளையத்திலே, விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்ற கொடுமை 2025இல் வெளிச்சத்துக்கு வந்தது. கோபம் பிறக்காதா? பிறக்கிறது. டில்லியில் அமர்ந்திருப்பவர்மீது பாய்கிறது. அவர் போகட்டும், இன்னொருவர் வரட்டும் என்று மனம் ஏங்குகிறது.

இந்த ஏக்கத்துக்குப் பகுத்தறிவுத் தோழர்களும் ஆட்படக் காண்கிறேன். அதர்மம் தலைதூக்கும்போதெல்லாம் ஆண்டவன் அவதரிப்பான் என்ற புராணத்தைக் கேட்டுச் சிரிக்கும் அதே வாய், தேர்தல் வந்தால் அதே புராணத்தை வேறு பெயரிலே பாடுகிறது. சங்கு சக்கரம் இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு!

அவதாரங்களுக்கா பஞ்சம்? 1971இல் வறுமையை விரட்டுவேன் என்று வந்தார் இந்திரா காந்தி. 1977இல் ஜெயப்பிரகாசரைக் காட்டி, இதோ மீட்பர் என்றனர். 2011இல் டில்லி மைதானத்திலே உண்ணாநோன்பிருந்தார் அன்னா அசாரே. ஊழல் அன்றோடு ஒழிந்தது என்று ஆர்ப்பரித்தனர். 2014இல் நரேந்திர மோடி வந்தார்; நல்ல நாள் வருகிறது என்றனர். வந்தவர் பலர், தறிக்காரன் வீட்டுக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், எந்த அவதாரத்தின் வரவும் அதிலே பற்று வைக்கப்படவில்லை.

ஒருவரை மட்டும் தனியே நிறுத்த விரும்புகிறேன். வி. பி. சிங் ஏறத்தாழ பதினோரு மாதமே பிரதமராக இருந்தார். 1990இல் அவர் பிறப்பித்த ஆணை, பிற்படுத்தப்பட்டோருக்கு மத்திய சர்க்கார் வேலைகளில் 27 விழுக்காடு தந்தது. அவரைக் கவிழ்த்தார்கள், ஆணையைக் கவிழ்க்க முடியவில்லை. 1992இல் உச்சநீதிமன்றமே அதை ஏற்றது. நிலைத்தது எது? ஆளல்ல, ஏற்பாடு!

எடப்பாடிக்கு வருவோம். இந்த ஊரின் பெயரையே தம் பெயருக்கு முன்னே தாங்கியவர் 2017 பிப்ரவரி முதல் 2021 மே வரை கோட்டையிலே முதலமைச்சராக வீற்றிருந்தார். அவரோடு நமக்குள்ள வழக்குகள் பல, அவை இருக்கட்டும். அவர் ஆட்சியிலிருந்தபோதுதான், 2017 சூலை முதல் நாள், சரக்கு சேவை வரி வந்தது. 1957இல் மாநிலங்கள் துணிமீது விற்பனை வரி போடும் உரிமையை விட்டுக்கொடுத்து, டில்லி வசூலிக்கும் கூடுதல் கலால் தீர்வையிலே பங்கு பெறும் ஏற்பாட்டுக்கு இசைந்தன. அதனால் பல பத்தாண்டுகள் கடையிலே துணிக்கு விற்பனை வரி இல்லை. புது வரி வந்தது. துணிக்கு 5 விழுக்காடு, செயற்கை இழை நூலுக்கு 18 விழுக்காடு! நெய்த பொருளைவிட நெய்வதற்கான பொருளுக்கு மும்மடங்குக்கு மேல் வரி. இந்த விந்தையைக் கண்டுபிடித்தவர் கையிலே ஒரு நாளாவது பாவு பிடித்திருப்பாரா?

அவ்வாண்டு அக்டோபரில் நூல் வரி 12 ஆயிற்று. நூலுக்குக் கூடுதலாகக் கட்டிய வரியைத் திருப்பித் தாருங்கள் என்றால், துணிக்கு அந்தச் சலுகை கிடையாது என்றார்கள். 2018 ஆகஸ்டு முதல்தான் இசைந்தார்கள். அதற்கு முன் தேங்கிய தொகை காலாவதி என்று அறிவித்தார்கள். நூலுக்கும் துணிக்கும் ஒரே 5 விழுக்காடு என்ற நிலை பிறக்க 2025 செப்டம்பர் 22 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு முடிச்சை அவிழ்க்க எட்டாண்டு! பாவிலே இழை அறுந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிபோடும் ஊர் இது.

சொந்த ஊரின் நூலுக்கு வரி குறைக்க அந்த முதலமைச்சரால் இயன்றதா? இயலாது. அவருக்குப் பதில் நீங்கள் போற்றும் எவரை அமர்த்தினாலும் இயலாது. வரியை முடிவுசெய்யும் மன்றத்திலே டில்லிக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. முடிவெடுக்க நான்கில் மூன்று வேண்டும். ஆக, எல்லா மாநிலமும் ஒன்றுகூடிக் கைதூக்கினாலும் டில்லி தலையசைக்காமல் ஒன்றும் நடவாது. தமிழ்நாட்டின் ஓட்டோ நூற்றில் ஏறத்தாழ இரண்டு!

இன்று நேற்று முளைத்த நோயன்று இது. 1953 சனவரியிலே கைத்தறியாளர் பட்டினியைப் போக்க அண்ணாவும் கழகத் தோழர்களும் துணி மூட்டையைத் தோளிலே சுமந்து தெருத் தெருவாக விற்றார்கள். திருச்சியிலே அண்ணாவே விற்றார். அப்போது சென்னை மாகாண முதலமைச்சர் யார்? இராஜாஜி! கவர்னர் ஜெனரலாக இருந்தவர், டில்லியிலே உள்துறையை ஆண்டவர், நேருவின் நண்பர். வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்குங்கள் என்று அவர் டில்லியைக் கேட்டார். ஆலைகளின் வேட்டி உற்பத்திக்கு ஒரு வரம்பு, ஆலைத்துணிமீது ஒரு சிறு தீர்வை, அதற்குமேல் டில்லி இறங்கவில்லை. அவ்வளவு பெரியவரும் மனுப்போட்டுக் காத்திருந்தார் என்றால், குறை ஆளிடமா, அமைப்பிடமா?

அமைப்பு எப்படிப் பின்னப்பட்டது தெரியுமா? தொழில், அரசியல் சட்டப்படி மாநிலப் பட்டியலிலே இருக்கிறது. கீழே ஒரு கண்ணி: பொதுநலன் கருதி நாடாளுமன்றம் அறிவிக்கும் தொழில்கள் டில்லிக்குரியவை. 1951ஆம் ஆண்டுத் தொழில் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டம் அந்தக் கண்ணி வழியே நுழைந்தது. நெசவு போயிற்று, சைக்கிள் போயிற்று, சோப்பும், முகம் மழிக்கும் பிளேடும்கூடப் போயின. பாரதத்தின் ஒருமைப்பாடு பிளேடின் முனையிலே நிற்கிறது போலும்!

அமைப்பு இப்படியிருந்தால் அங்கே அமர்பவர் தலை கிறுகிறுக்காமல் என்ன செய்யும்? 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு ஒரு தொலைக்காட்சிப் பேச்சு. 500, 1000 ரூபாய்த் தாள்கள் நள்ளிரவோடு செல்லாதவையாயின. வாரக்கூலியை ரொக்கமாகக் கொடுத்து வாங்கிப் பழகிய விசைத்தறி வட்டாரங்கள் திணறின. கறுப்புப் பணம் பிடிபட்டதா? செல்லாதென்ற தாள்களில் 99.3 விழுக்காடு திரும்பி வந்துவிட்டதாக 2018இல் ரிசர்வ் வங்கியே கணக்குக் காட்டிற்று. கேட்பார் யார்? முன்கூட்டி ஒரு மாநிலத்தையேனும் கலந்துபேச வேண்டும் என்ற விதி இருந்திருந்தால் கேட்டிருப்பார்கள்.

பணப்பங்கீடும் இப்படியே. 2021–26 காலத்துக்கு, பகிர்வுக்குரிய மத்திய வரித்தொகையில் 41 விழுக்காடு மாநிலங்களுக்கு என்றது 15ஆவது நிதிக்குழு; அதிலே தமிழகத்தின் பங்கு 4.079 விழுக்காடு. அந்தச் சிறு பங்குக்கும் ஒரு சூழ்ச்சி உண்டு. செஸ், சர்சார்ஜ் என்று பெயர் சூட்டிவிட்டால் அந்த வரி பகிர்வுக்கு வராது. பெட்ரோலிலும் டீசலிலும் டில்லி எடுக்கும் தீர்வையில் பெரும்பகுதி இவ்வகையே.

"டில்லி வலுவாக இருந்தால்தானே நாடு வலுவாக இருக்கும்? பிரிவினை பேசுகிறீரா?" என்று பாய்வார்கள். பிரிவினையை 1963இலேயே கைவிட்டாயிற்று, ஐயா! படை, வெளிநாட்டுறவு, நாணயம் டில்லியிடமே இருக்கட்டும். நூல் வரிக்கும் எல்லைக் காவலுக்கும் என்ன உறவு?

நம்மவரையும் கேட்க வேண்டும். 1969இல் கலைஞர் அரசு இராஜமன்னார் குழுவை அமைத்தது. 1971இல் அறிக்கை வந்தது. 1974இல் மாநில சுயாட்சித் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. 1976இல் நெருக்கடி நிலையின் நிழலிலே கல்வி பொதுப்பட்டியலுக்குக் கடத்தப்பட்டது. பின்னர் 1999 முதல் 2013 வரை, சில மாதங்கள் நீங்கலாக, டில்லி மந்திரி சபைகளிலே கழகம் இடம்பெற்றிருந்தது. கடத்தப்பட்ட கல்வி திரும்பியதா? துறைகள் கிடைத்தன, உரிமை கிடைக்கவில்லை. இதைச் சொன்னால் சில தோழர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். 2025 ஏப்ரலில் அமைக்கப்பட்ட குரியன் ஜோசப் குழுவும் பரணுக்குப் போகாதிருக்க வேண்டுமானால் இந்தக் கேள்வி ஓயக்கூடாது.

எடப்பாடி சட்டமன்றத் தொகுதி, சேலம் நாடாளுமன்றத் தொகுதியில் அடங்கியது. அடுத்த தேர்தலில் தறிக்கொட்டகை வாசலிலே கைகூப்பி நிற்பவரிடம், உங்கள் பிரதமர் யார் என்று கேட்காதீர்கள். செஸ் தொகையைப் பகிர்வுக்குள் கொண்டுவர ஓட்டுப்போடுவீரா? வரி மன்றத்தில் டில்லியின் தடுப்பதிகாரத்தை நீக்கத் திருத்தம் கொண்டுவருவீரா? கல்வியை மாநிலப் பட்டியலுக்கு மீட்கக் கேட்பீரா? எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். தயங்குபவர் எந்தக் கட்சிக்காரராயினும், எவருடைய படத்தைச் சட்டைப்பையிலே வைத்திருந்தாலும், வந்த வழியே அனுப்பிவையுங்கள்.