லேப்டாப்பை மூடினால் போதாது, பூட்ட வேண்டும்

"மறைக்க நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று தோழர்கள் கேட்கிறார்கள். நம் லேப்டாப்பில் இருப்பது நம்முடையது மட்டுமல்ல. வன்கொடுமை நடந்த ஊரில் நம்மை நம்பிப் பேசிய பெண்களின் வாக்குமூலமும் சாட்சிகளின் பெயர்களும் அதில் இருக்கின்றன. மறுநாளும் ஆதிக்கச் சாதியினரின் நிலத்துக்கே கூலிக்குப் போக வேண்டியவர்கள் அவர்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 15ஏ பிரிவு, தீர்ப்பிலும் உத்தரவிலும் சாட்சிகளின் பெயர், முகவரியை மறைக்கச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. நீதிமன்றம் மறைக்கும் பெயரை நம் லேப்டாப் காட்டிக்கொடுக்கலாமா? மூடி வைத்தால் அது பெரும்பாலும் அணைவதில்லை, தூங்குகிறது. பாஸ்வேர்டு கேட்காவிட்டால், திறப்பவர் யாராக இருந்தாலும் நாம் விட்ட பக்கத்தைப் படிக்கலாம்.

ஆகவே செட்டிங்ஸில், தூக்கத்திலிருந்து எழும்போது பாஸ்வேர்டு கேட்கும்படி வைப்போம். 'ஜெய்பீம்', 'ஏப்ரல் 14' வேண்டாம். நம்மை அறிந்தவர்கள் முதலில் அடித்துப் பார்ப்பது அதைத்தான். பலர் பயன்படுத்தும் அலுவலக லேப்டாப்பில் ஆளுக்கொரு கணக்கு இருக்கட்டும். ஹார்டு டிஸ்கையே கழற்றிப் படிப்பவரை இது தடுக்காது. அதற்கு என்கிரிப்ஷனும் வேண்டும்.

ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு அடிப்பது சலிப்புதான். சாட்சி சொல்ல முன்வந்தவர் ஏற்றிருக்கும் ஆபத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்போம்.