சயாமுக்குப் போனவர்களின் பெயர்ப் பட்டியல் எங்கே?

நம்மவர்கள் சயாம் என்று சொன்ன தாய்லாந்தின் காஞ்சனபுரியில் காமன்வெல்த் போர் மயானம் இருக்கிறது. ஒழுங்காகக் கத்தரித்த புல்தரை. ஏறத்தாழ 7,000 போர்க் கைதிகள் அங்கே அடக்கம். வரிசை வரிசையாக வெண்கலப் பலகைகள். பெயர், படைப்பிரிவு, வயது. அதற்குப் பக்கத்திலேயே வாட் தாவோர்ன் வராராம் என்ற பௌத்த விகாரை. அங்கே ஒரே நினைவுச் சின்னத்தின் அடியில் ஆயிரக்கணக்கான ஆசியக் கூலிகளின் எலும்புகள். யார் யாருடையவை என்று எவருக்கும் தெரியாது.

கோலாசிலாங்கூர் வட்டாரத்தின் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை தோட்ட லயங்களில் விசாரித்துப் பாருங்கள். "தாத்தா சயாமுக்குப் போனார், திரும்பலை" என்பதோடு பேச்சு நின்றுவிடும். 1942-இல் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டில் ஜப்பானியர் போட்டு முடித்த 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ‘மரண ரயில்’ பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000 பேருக்கும் மேல் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். இலவசப் படம் என்று கொட்டகைக்குள் கூட்டி, கதவைச் சாத்தி, ஆட்களை அள்ளிக்கொண்டு போன கதை நம் வீடுகளில் இன்னும் உலவுகிறது. காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தவர்கள், போருக்குப் பிந்தைய கணக்கிலேயே 30,000 பேர் அளவுக்கு வருகிறார்கள். கணக்கில் வராதவர்கள் எத்தனையோ.

வெள்ளைக்காரன் தன் வீரர்களைக் காட்டுக்குள் தேடி எடுத்துப் புதைத்தான். நம்மவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள் தமிழே தெரியாத பிக்குகள். இந்த ரயில்பாதையைப் பற்றி 1957-இல் வந்த ‘குவாய் நதிப் பாலம்’ படத்தை இலங்கையில்தான் எடுத்தார்கள். அதிலும் தோட்டத் தமிழனுக்கு இடமில்லை. போர்க்காலக் கொடுமைகளுக்கு ஈடாக 1967-இல் ஜப்பான் மலேசியாவுக்கு ஒப்புக்கொண்ட 2 கோடியே 50 லட்சம் வெள்ளி 2 சரக்குக் கப்பல்களாக வந்தது. கப்பலை எந்த லயத்துக்குப் பங்கிடுவது? 2023-இல் அந்த விகாரையில் தமிழருக்கென ஒரு நடுகல் எழுந்ததே, அது ஆர்வலர்கள் பாடுபட்டு வைத்தது. முன்னால் நின்றிருக்க வேண்டியது அரசாங்கம்.

அரசாங்கத்தை மட்டும் சொல்லி என்ன? காஞ்சனபுரிப் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, விகாரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறும் நம்மவர்களுக்கும் இதில் பங்குண்டு.

நாங்கள் கேட்பது அனுதாபம் அல்ல. தோட்ட நிறுவனங்கள் தங்களிடம் எஞ்சியிருக்கும், தொழிலாளர் பெயர்களைப் பதிந்த பழைய செக்ரோல் புத்தகங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். லயங்களை இடித்து வீடமைப்புக்கு விற்குமுன் அதைச் செய்ய வேண்டும். கல்வி அமைச்சு இடைநிலைப்பள்ளி வரலாற்று நூலில் மரண ரயிலுக்குத் தனிப்பாடம் ஒதுக்க வேண்டும். கோலாசிலாங்கூரின் புக்கிட் மெலாவத்தியில் பழைய பீரங்கிகளை இவ்வளவு பத்திரமாகப் பாதுகாக்கும் மாநில அரசு, அதே ஊரில் தோட்டவாரியாகப் பெயர் பொறித்த ஒரு கல்லை நட வேண்டும்.

அப்பாவைச் சயாமுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த பிள்ளைகளுக்கு இன்று எண்பது கடந்துவிட்டது. பெயர்களைச் சொல்ல அவர்கள்தான் மிச்சம். எழுதிக்கொள்ள அதிகாரிகளை இந்த ஆண்டே அனுப்புங்கள்.