நாம் எந்தப் பக்கம்?

பெங்களூர் அணியும் சென்னை அணியும் கால்பந்தில் மோதும்போதெல்லாம் நம்மவர் வீடுகளில் ஒரு சங்கடம் எழுகிறது. யாருக்குக் கைதட்டுவது? சங்கத்து நண்பர்கள் சிலர், "இதென்ன கேள்வி, தமிழன் சென்னைக்குத்தான் கைதட்டுவான்" என்கிறார்கள். வேறு சிலர் டி.வி. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். சென்னை கோல் போட்டால் தாங்கள் போடும் கூச்சல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமாம்! என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பெங்களூர் பக்கம். ஒளிவு மறைவு இல்லாமல், சத்தம் போட்டு, பெங்களூர் பக்கம்.

2018 மார்ச் 17ஆம் தேதி ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம் நம் கண்டீரவா அரங்கில் நடந்தது. பெங்களூரு எப்.சி.க்கு அந்தப் போட்டித் தொடரில் அதுதான் முதல் ஆண்டு. எதிரில் சென்னையின் எப்.சி. இரண்டு அணிக்கும் நீலம்தான் நிறம் என்பது வேடிக்கை. ஒன்பதாவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி தலையால் முட்டிக் கோல் போட்டார். அரங்கமே எழுந்து ஆடியது. ஆனால் சென்னையின் பிரேசில்காரர் மெயில்சன், இரண்டு கார்னர் பந்துகளை அச்சு எடுத்தாற்போல் தலையால் முட்டி வலைக்குள் அனுப்பிவிட்டார். பிறகு ரஃபேல் அகஸ்டோ ஒன்று. கடைசி நேரத்தில் மிக்கு ஒன்று திருப்பிப் போட்டும் 3க்கு 2 என்று கோப்பை சென்னைக்குப் போய்விட்டது. கார்னர் பந்தைத் தடுக்கத் தெரியாமல் தோற்றோம் என்பதே என் தீர்ப்பு. அதிர்ஷ்டத்தைக் குறை சொல்வதற்கில்லை. அன்று என் தங்கை குடும்பம் பெரம்பூரிலிருந்து வந்திருந்தது. அவள் மகன், "என்ன மாமா, நீங்களே கட்சி மாறிட்டீங்களே" என்று கேட்டான். "மாறலைடா, வந்து சேர்ந்துட்டேன்" என்றேன். ரயில்வேயில் டிப்ளமா தகுதியில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பில் இந்த ஊரிலேயே ஆயுளில் பாதியைக் கழித்தவனுக்கு இந்த ஊர் அணி சொந்த அணி இல்லை என்றால் வேறு எது சொந்தம்?

அந்த நாளில் இன்னொன்றும் கவனித்தேன். காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்து ஏறக்குறைய ஒரு மாதம்தான் ஆகியிருந்தது; தீர்ப்பு பிப்ரவரி 16, ஆட்டம் மார்ச் 17. இரண்டு ஊர்களின் பெயர் தாங்கிய அணிகள் மோதுகின்றன, சென்னை ஜெயித்தும் விடுகிறது. 1991ஐப் பார்த்தவர்களுக்கும், 2016 செப்டம்பரில் பேருந்துகள் எரிந்ததைப் பார்த்தவர்களுக்கும் அடிவயிற்றில் என்ன இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றும் நடக்கவில்லை. ஜனங்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சிலர் மெட்ரோ நிலையத்தில் ரெப்ரீயைத் திட்டினார்கள். அவ்வளவுதான். போட்டி மனப்பான்மை கெட்டது என்று உபதேசிப்பவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். தொண்ணூறு நிமிடம் மூச்சைப் பிடித்து எதிரியைத் திட்டிவிட்டு, பிறகு அவனோடு ஒரே பெட்டியில் ஏறி வீட்டுக்குப் போகக் கற்றுக்கொடுப்பதும் போட்டிதான்.

"அது சரி, பெங்களூர் அணிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கும் இளைஞர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். இந்த ஊரின் கால்பந்து 2013இல் பெங்களூரு எப்.சி. தொடங்கியபோது பிறக்கவில்லை. பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை முதன்முதலில் வென்ற இந்திய அணி பெங்களூர் முஸ்லிம்ஸ், ஆண்டு 1937. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியா பிரான்ஸோடு ஆடி 2க்கு 1 என்று தோற்றது. நம் பிள்ளைகள் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். அந்த ஒரு கோலைப் போட்டவர் மைசூர் அணிக்காக ஆடிய சாரங்கபாணி ராமன். 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா நம்மைப் பத்துக்கு ஒன்று என்று நொறுக்கியது. அந்த ஒன்றைப் போட்டவர் பெங்களூர் அகமது கான், கொல்கத்தா ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் 'பஞ்ச பாண்டவர்' என்று கொண்டாடிய ஐவரில் ஒருவர். அதாவது, அந்த இரண்டு ஒலிம்பிக்கிலும் சேர்த்து இந்தியா போட்ட கோல் மொத்தம் இரண்டு. இரண்டுமே நம் பக்கத்துக் கால்கள் போட்டவை. அதே ஹெல்சிங்கி அணியில் இருந்த இன்னொரு பெங்களூர்க்காரர் துலுக்காணம் சண்முகம். பெயரைக் கேட்டாலே வடஆற்காட்டு மண்வாசனை அடிக்கிறதல்லவா? 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியில் அருமைநாயகம் இருந்தார். மோகன் பகான் ரசிகர்கள் நெஞ்சில் வைத்துக் கொண்டாடிய அவரும் இந்த ஊர்தான். ஆஸ்டின் டவுனிலிருந்து புறப்பட்ட கார்ல்டன் சாப்மன் இந்தியாவுக்கே தலைவரானார். 1993இல் ஈராக்கின் அல் ஜவ்ரா அணிக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்காக மூன்று கோல் போட்டார். 2020 அக்டோபரில், ஐம்பது வயதைத் தொடாமலே மறைந்தும் விட்டார்.

அல்சூர், கௌதமபுரம், ஆஸ்டின் டவுன், மர்ஃபி டவுன் எல்லாம் யார் குடியிருக்கும் பேட்டைகள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? ராணுவக் கண்டோன்மென்ட்டை நம்பி ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் சிப்பாய்கள் ஆடுவதைப் பார்த்துப் பந்தைக் கற்றார்கள். கௌதமபுரத்தில் அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேவுக்கும் ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். அதற்கு அருகிலேயே அல்சூர் ஏரிக் கரையில் நம் வள்ளுவர் பதினெட்டு ஆண்டு துணி மூடிக் காத்திருந்து 2009 ஆகஸ்டில்தான் வெளிச்சம் கண்டார். பெலேவுக்கு இந்தத் தொல்லை இல்லை. பிரேசில்காரருக்கு நம் ஊரில் இருக்கும் செல்வாக்கே தனி!

இனி பத்திரிகைக்காரர்களைப் பற்றி. ரயில்வேயில் எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. ஆயிரம் வண்டி நேரத்தில் ஓடினால் செய்தி இல்லை. ஒரு வண்டி தடம் புரண்டால்தான் செய்தி. கால்பந்துக்கும் இதே கதிதான். இரண்டு உதாரணம் போதும்.

2022 செப்டம்பரில் பெங்களூரு எப்.சி. கொல்கத்தாவில் மும்பை சிட்டியை 2க்கு 1 என்று வென்று டூரண்ட் கோப்பையை எடுத்தது. 1888இல் தொடங்கிய கோப்பை அது. முதல் கோலைப் போட்டவன் சிவசக்தி நாராயணன், காரைக்குடிப் பக்கத்துப் பையன். தென் தமிழ்நாட்டுச் சிற்றூரிலிருந்து வந்து, பெங்களூர் உள்ளூர் லீக்கில் கோல் மேல் கோலாகப் போட்டு மேலே வந்தவன். நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை இதுவா இல்லையா? மறுநாள் நாடெங்கும் ஓடிய செய்தி என்ன? பரிசளிப்பு மேடையில் ஆளுநர் ஒருவர் புகைப்படத்துக்காகச் சேத்ரியைக் கையால் ஒதுக்கினார் என்பதுதான். அந்தக் காட்சி திரும்பத் திரும்ப ஓடியது. சிவசக்தி போட்ட கோலை எத்தனை பேர் பார்த்தார்கள்?

இரண்டாவது இன்னும் மோசம். 2023 மார்ச் 3, கண்டீரவாவில் கேரளா பிளாஸ்டர்ஸுடன் வெளியேற்றச் சுற்று ஆட்டம். கூடுதல் நேரத்தில் பிளாஸ்டர்ஸ் தடுப்புச் சுவர் அமைத்துக்கொண்டிருந்தபோதே சேத்ரி ஃப்ரீ கிக்கை அடித்துக் கோலாக்கிவிட்டார். ரெப்ரீ கோல் என்றார். பயிற்சியாளர் வுகோமனோவிச் தம் ஆட்களை அழைத்துக்கொண்டு மைதானத்தை விட்டே வெளியேறினார். பிறகு அந்த அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும் அவருக்குப் பத்து ஆட்டத் தடையும் விழுந்தன. விதிப்படி, விசிலுக்குக் காத்திரு என்று ரெப்ரீ சொல்லாத வரையில் ஃப்ரீ கிக்கை உடனே அடிக்கலாம். ஆகவே கோல் செல்லும் என்பது என் கட்சி. மலையாள நண்பர்களோடு இதைப் பற்றி எத்தனையோ மாலை வாதாடியாகிவிட்டது. அவர்களும் விடுவதாயில்லை, நானும் விடுவதாயில்லை. ஆட்டம் பிடிக்கவில்லை என்று பாதியில் எழுந்து போவதை மட்டும் எந்த அணி செய்தாலும் ஒப்ப முடியாது. சிக்னல் தவறு என்று நினைத்தால் டிரைவர் புகார் எழுதலாம். வண்டியை நடுக்காட்டில் விட்டு இறங்கிப் போகக் கூடாது.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. மறுநாள் மார்ச் 4. சவுதி அரேபியாவின் ரியாத் நகரில் சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டம். கர்நாடகம் மேகாலயாவை 3க்கு 2 என்று வென்றது. மைசூர் மாநிலம் என்ற பெயரில் 1968-69இல் வென்ற பிறகு 54 ஆண்டு கழித்துக் கிடைத்த வெற்றி! அந்த ஆட்டக்காரர்கள் கோடிக்கணக்கில் வாங்குபவர்கள் அல்லர். பெங்களூர் லீக்கில் செயற்கைப் புல்லில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு ஆடுபவர்கள். நானோ நாள் முழுக்க டி.வி.யைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விவாதம் எல்லாம் முதல் நாள் ஃப்ரீ கிக்கைப் பற்றித்தான். நம் வீட்டுக்கு வரும் தமிழ் நாளேட்டிலும் கோப்பைச் செய்தி ஒரு தீப்பெட்டி அளவுக்கு மேல் இல்லை. அரை நூற்றாண்டுக் காத்திருப்புக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

ஆட்டக்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். சேத்ரிக்கு இந்த ஊர் கொடுத்திருக்கும் இடத்தைப் பாருங்கள். செகந்திராபாத்தில் பிறந்தவர், ராணுவக்காரர் மகன், வீட்டில் நேபாளி பேசும் குடும்பம். 2013 முதல் பெங்களூருக்கு ஆடியவரைக் கண்டீரவாவில் யாரும் "உன் தாய்மொழி என்ன?" என்று கேட்டதில்லை. 2018 ஜூனில் மும்பையில் இந்தியா ஆடிய ஆட்டத்துக்கு வந்தவர்கள் 2,569 பேர். அவர் வெட்கத்தை விட்டு, எங்களைத் திட்டுவதற்காகவாவது வாருங்கள் என்று நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். அடுத்த ஆட்டத்துக்கு அரங்கம் நிரம்பியது. 2024 ஜூன் 6இல் கொல்கத்தாவில் விடைபெறும்போது நாட்டுக்காக 94 கோல். அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களில் ரொனால்டோ, மெஸ்ஸி இருவர்தான் அவருக்கு முன்னால். அடுத்த ஆண்டே அவரைத் திரும்ப அழைத்தார்கள். நாற்பது வயதில் ஒருவரை மறுபடி கூப்பிட வேண்டிய நிலையில் நாடு இருப்பது அவருக்குப் பெருமை, நமக்குப் பெருமையல்ல. பள்ளிகளில் மைதானத்தை விற்றுக் கட்டடம் கட்டினால் சேத்ரிக்குப் பின் சேத்ரி எங்கிருந்து வருவார்?

அந்த வறட்சி இப்போது வாசலுக்கே வந்துவிட்டது. சம்மேளனத்துக்கும் ஐ.எஸ்.எல். நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தத் தகராறில் 2025 ஜூலையில் போட்டித் தொடர் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எப்.சி. தன் முதல் அணி ஆட்டக்காரர்கள், ஊழியர்கள் சம்பளத்தையே நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. 2016இல் மலேசியாவின் ஜோஹோர் அணியை இதே கண்டீரவாவில் 3க்கு 1 என்று வீழ்த்தி, ஏ.எப்.சி. கோப்பை இறுதிக்குப் போன முதல் இந்திய அணி அது! பெரிய முதலாளி பின்னால் இருந்தும் அந்தக் கதி. பழைய நாளில் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற ஆலைகளும், எங்கள் ரயில்வேயும் ஆட்டக்காரனுக்கு வேலை கொடுத்தன. கோப்பை வந்தாலும் வராவிட்டாலும் மாதம் முதல் தேதி சம்பளம் வந்தது. பி.கே. பானர்ஜி கடைசி வரை ஈஸ்டர்ன் ரயில்வேக்கே ஆடினார். 1958இல் கொல்கத்தா லீக்கையே அந்த அணி வென்றது. இரண்டு பெரிய கிளப்புகள் கூப்பிட்டும் அவர் ஏன் போகவில்லை என்பதை இன்றைய பையன்கள் யோசிக்கலாம்.

நம் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள் உண்டு. பொங்கல் விழாவில் பட்டிமன்றம் இருக்கட்டும், கோலப் போட்டி இருக்கட்டும். அதோடு அல்சூர், கௌதமபுரம், ஆஸ்டின் டவுன் பையன்களுக்கு ஒரு 'ஐவர் கால்பந்து' போட்டியும் வைக்கலாம். மொழி பாராமல் எல்லா அணிகளையும் அழைக்கலாம். கோப்பைக்கு அருமைநாயகம் பெயரும், இரண்டாம் பரிசுக்குச் சண்முகம் பெயரும் பொருத்தமாக இருக்கும். பழைய ஆட்டக்காரர் குடும்பங்களில் படங்கள், பதக்கங்கள், மஞ்சளாகிப்போன பத்திரிகைத் துண்டுகள் இன்னும் டிரங்குப் பெட்டியில் கிடக்கும். அவற்றைப் பிரதி எடுத்துச் சங்க நூலகத்தில் வைக்க நான் தயார். வீட்டுக்கே வந்து வாங்கிப் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் நூலகத்தில் இருப்பேன்.