பவாய் ஏரிக்கு ஜாகிங் டிராக் எதற்கு?

மும்பையில் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. "பவாய் ஏரியைச் சுத்தி எவ்வளவு அழகா ஒரு ஜாகிங் டிராக் வந்திருக்கும்! கோர்ட்டுக்குப் போய்க் கெடுத்துட்டாங்க சார்." கெடுக்கவில்லை சார், காப்பாற்றினார்கள் என்பது என் கட்சி. கோபப்படாமல் கடைசி வரை படியுங்கள்.

முதலில் விவரம். மாநகராட்சி இந்த ஏரியைச் சுற்றி சைக்கிள் மற்றும் ஜாகிங் பாதை போட 2021-ல் இறங்கியது. கம்பிவலைக் கூண்டுகளில் கருங்கல்லை அடைத்துக் கரையோரம் அடுக்குவது திட்டம். கல் இடுக்கில் தண்ணீர் போகும், ஏரிக்கு ஒன்றும் ஆகாது என்றார்கள். ஐ.ஐ.டி. மாணவர்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் வழக்குப் போட்டார்கள். 2022 மே 6 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் இது சட்டவிரோதம் என்றது. போட்டதை அகற்றி இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

நம்மவர்களின் முதல் வாதம்: "அது 1891-ல் வெள்ளைக்காரன் கட்டினதுதானே, இயற்கை ஏரியா என்ன?" ஏன் ஐயா, நம் வீராணம் ஏரி மட்டும் தானாக முளைத்ததா? யார் வெட்டினால் என்ன? நூறு வருஷத்துக்கு மேல் தண்ணீர் நின்ற இடத்தில் சேறு படிந்து, கோரை வளர்ந்து, தவளையும் பறவையும் குடியேறிவிட்டன. இந்த ஏரியில் முதலைகளே இருக்கின்றன. அவை வெயில் காய்வதும், மண் தோண்டி முட்டை இடுவதும் கரையில்தான். அந்தக் கரையைத்தான் நாம் ஷூ போட்டு ஓடக் கேட்கிறோம்.

ஏரிக்கு விளிம்பு என்பது தொட்டிச் சுவர் மாதிரி ஒரு கோடு அல்ல. ஜூலையில் தண்ணீர் ஏறும், மே மாதம் இறங்கும். நடுவில் கிடக்கிற அந்தச் சொதசொத நிலம்தான் சதுப்பு. நம் கண்ணுக்கு அது அழுக்கு, கொசு, "வேஸ்ட் லேண்ட்". மழை வெள்ளத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைப்பதும், வருகிற அழுக்கில் கொஞ்சம் வடிகட்டுவதும் அதே நிலம்தான். பவாய் நிரம்பினால் வழிகிற தண்ணீர் மித்தி ஆற்றுக்குப் போகிறது. 2005 ஜூலை 26-ஐ மறந்துவிட்டோமா? சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை. மித்தி என்ன செய்தது என்று குர்லா, கலினாவில் இருந்தவர்களைக் கேளுங்கள்.

வங்கிக்காரன் பாஷையில் சொல்கிறேன். ஒருவர் மூலதனத்தை எடுத்துச் செலவழித்துவிட்டு, அதை வருமானம் என்று கணக்கில் காட்டினால் ஆடிட்டர் விடுவாரா? டிராக் போட்டால் "சொத்து" பத்தியில் ஏறுகிறது. அதற்காக அழிந்த சதுப்பு எந்தப் பத்தியிலும் இல்லை, ஏனென்றால் அதற்கு யாரும் விலை போட்டதே இல்லை. விலை போடாத பொருள் இலவசம் என்று அர்த்தமா?

அடுத்த வாதம்: "குழந்தைங்க ஓட இந்த ஊர்ல இடமே இல்லையே!" நியாயம்தான். இந்த ஊரின் ஃபிளாட்டில் பிள்ளை வளர்க்கிற யாருக்கும் அந்தக் கஷ்டம் தெரியும். ஆனால் இடம் இல்லாமல் போனது முதலையாலா? மைதானங்களை விட்டுக்கொடுத்தது யார், நடைபாதையில் வண்டி நிறுத்துவது யார்? அங்கே சண்டை போட நமக்குத் தெம்பில்லை. வாய் இல்லாத ஏரியிடம் மட்டும் இடம் கேட்கிறோம். அந்த ஏரியிலும் சாலைப் பக்கம் நடப்பதற்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது. முழு வட்டம் சுற்றினால்தான் எடை குறையுமா?

உண்மையில் ஏரியின் வியாதி வேறு. சுற்றியுள்ள குடியிருப்புகளின் சாக்கடை அதில் கலக்கிறது. அதைத் தின்று ஆகாயத்தாமரை படர்கிறது. அதை அகற்ற டெண்டர், மறுபடி படரும், மறுபடி டெண்டர். குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற கதை. இதன் மேல் ஒரு டிராக் போட்டிருந்தால், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியிருப்போம்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது இங்கிருந்து போன் போட்டு எல்லோரும் என்ன சொன்னோம்? "ஏரியை எல்லாம் பிளாட் போட்டு வித்துட்டானுங்க, அதான்!" சரியாகத்தான் சொன்னோம். அங்கே பிளாட் போட்டால் அக்கிரமம், இங்கே டிராக் போட்டால் முன்னேற்றமா? பிழைக்க வந்த ஊர், நமக்கென்ன என்ற நினைப்பு வேண்டாம். நம் பிள்ளைகளுக்கு இதுதான் சொந்த ஊர்.

அடுத்த சொசைட்டி மீட்டிங்கில் யாராவது டிராக் பேச்சை எடுத்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம பில்டிங் சாக்கடை எங்கே போகுது?" பதில் தெரிந்த பிறகு ஜாகிங் பற்றிப் பேசலாம்.

பி.கு.: ஓடுவதற்கு நான் எதிரி இல்லை. டாக்டர் என்னையும் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் :-)