நவ்லாக் தோப்பும் நமது டேனரிகளும்



ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ காலையில் கடை திறக்கும்போது தெற்கே பாருங்கள். ஜவ்வாது மலை தெரியும். அதன் வடசரிவில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கிப் பாலாற்றைத் தேடிப் போகிறது. செய்யாறு பிறப்பதும் அந்த மலையில்தான். அதுவும் கடைசியில் பாலாற்றில்தான் கலக்கிறது. இந்த ஆற்றை நம்பித்தான் ஆற்காடு தலைநகரானது.

ஆற்காடு என்றால் நம் இளைஞர்களுக்கு என்ன தெரியும்? பிரியாணி தெரியும், மக்கன் பேடா தெரியும். 1751ல் கிளைவ் கைப்பற்றிய கோட்டை என்று பள்ளிப் பாடத்தில் ஒரு வரி படித்திருப்பார்கள். கோட்டை போய்விட்டது, டில்லி வாசல் மட்டும் நிற்கிறது. திப்பு மஸ்தான் அவுலியாவின் அடக்கத்தலம் அதே ஊரில்தான் இருக்கிறது. மைசூர்ப் புலிக்குத் திப்பு என்ற பெயர் வந்தது அந்தப் பெரியவரின் நினைவாகத்தான்!

எதிர்க்கரை ராணிப்பேட்டையின் கதை இன்னும் உருக்கமானது. 1714ல் நவாபு சஆதத்துல்லாகானின் படையோடு மோதிச் செஞ்சி தேசிங்குராஜன் வீழ்ந்தான். அவனுடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். வென்ற நவாபு அந்தப் பெண்ணின் பெயர் விளங்க எழுப்பிய ஊரே ராணிப்பேட்டை என்பது வழிவழியாக வரும் வரலாறு. நவாபுகளை மதவெறியர்கள் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த ஊரின் பெயர்ப்பலகையை ஒருமுறை படிக்கட்டும்.

அங்கேதான் நவ்லாக் தோப்பு. நவ்லாக் என்றால் ஒன்பது லட்சம். அத்தனை மரங்கள் இருந்தனவா என்று எண்ணிப் பார்த்தவர் யாருமில்லை. ஆனால் ஆற்றங்கரையில் ஒரு பெரும் மாந்தோப்பு இருந்தது உண்மை. பிற்காலத்தில் அதே பெயரில் அரசின் தென்னை நாற்றுப்பண்ணை வந்தது.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். அந்தத் தோப்பைச் செழிக்க வைத்த ஆற்றை யார் கெடுத்தது? மணல் அள்ளியவர்கள் கெடுத்தார்கள். ராணிப்பேட்டையில் ஒரு குரோமிய ஆலை, மூடிய பிறகும் லட்சம் டன்னுக்கு மேல் கழிவைக் குவித்துவிட்டுப் போனது. எல்லாம் உண்மைதான். ஆனால் டேனரிகள்? அவற்றில் நம்மவர்களுடையவை எத்தனை? டேனரிகள் உள்ள வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானதை 1996ல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பிலேயே எடுத்துக்காட்டியது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு கொடுத்து, அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கும்படி மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் 28 ஆண்டுகளுக்கு மேல்!

"மவ்லவி சாஹிப், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சோறு தின்கிற தொழிலாச்சே" என்பீர்கள். தெரியும். என் பயானைக் கேட்பவர்களில் பாதிப்பேர் அந்தக் கூலியில்தான் வாழ்கிறார்கள். தொழிலை மூடச் சொல்லவில்லை. நம் பாட்டனார்கள் ஆவாரம் பட்டையிலும், மலைமக்கள் பொறுக்கிவரும் கடுக்காயிலும் தோல் பதனிட்டார்கள். அதிலும் உப்பு உண்டு, நாற்றம் உண்டு, குரோமியம் கிடையாது. இனி எல்லோரும் பட்டைக்குத் திரும்ப முடியாது என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செலுத்த வேண்டியதை முழுதாகச் செலுத்த முடியும். இரவில் குழாயைத் திறந்துவிடாமல் இருக்க முடியும். ஒளுச் செய்யும் தண்ணீரையும் வீணாக்காதே என்று மிம்பரில் பேசுகிறோம். அந்தத் தண்ணீர் பள்ளிவாசல் கிணற்றில் எந்த நிறத்தில் வருகிறது என்று பார்த்தோமா?

இளைஞர்களே, அடுத்த விடுமுறையில் டில்லி வாசலுக்குப் போங்கள். படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். அங்கிருந்து ஆற்றுக்கும் இறங்குங்கள். வியாபாரிகளே, உங்கள் ஜமாஅத் கூட்டத்தில் டேனரி முதலாளி சந்தா கொடுக்க வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போதே கழிவுநீர்க் கட்டண ரசீதையும் கேளுங்கள்.